தெளிவு குற்றமாகும் காலம்

1

எழுதியவர் யார் என்னும் கேள்வி தமிழ் இலக்கியம் பயின்றோர்க்குப் புதியதன்று. ஔவை என்ற பெயரில் எத்தனை புலவர்கள் இருந்தனர், கம்பராமாயணத்தில் எவையெவை இடைச்செருகல்கள், ஒரு தனிப்பாடல் காளமேகத்தினுடையதா பிறருடையதா என்றெல்லாம் நெடுங்காலமாக நாம் வாதிட்டு வந்திருக்கிறோம். அவ்வாதங்களில் நடையும் ஒரு சான்றாக நின்றதுண்டு. ஆனால் நடை மட்டுமே போதும் என்று பொறுப்புள்ள பதிப்பாசிரியர் எவரும் கொண்டதில்லை. ஏடுகளை ஒப்பிட்டு, உரையாசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்களைத் தேடி, வரலாற்றுக் குறிப்புகளோடு பொருத்திப் பார்த்து, அதன் பிறகும் 'இருக்கலாம்' என்றே எழுதினார்கள்.

கடந்த சில ஆண்டுகளாக உலகின் பல பல்கலைக்கழகங்களில் இக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்து நிற்கிறது. எழுதியவர் மாணவரா, இயந்திரமா? இதற்கு விடை சொல்வதாக ஒருவகை மென்பொருள் வந்தது. அதன் கண்ணில் படாதவாறு எழுத்தை மாற்றித் தருவதாக இன்னொரு வகை மென்பொருளும் வந்தது. முன்னதைக் கண்டறி கருவி என்றும் பின்னதை மறுஎழுத்துக் கருவி என்றும் இங்கு வழங்குவோம். பின்னதற்கு அதை விற்பவர்கள் சூட்டியிருக்கும் பெயர் 'ஹியூமனைசர்'. மனிதமாக்கி என்று பொருள். மனிதர் எழுதியதை மனிதர் எழுதியதுபோல் ஆக்குவதற்கும் ஒரு கருவி தேவைப்படும் என்று சில ஆண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால் அதை அங்கதம் என்றே கொண்டிருப்போம்.

மறுஎழுத்துக் கருவியைத் திருட்டுக்குத் துணைபோவது என்று பழித்துவிட்டு நகர்வது எளிது. அப்பழி பொய்யுமன்று. ஆயினும் அது பாதி உண்மையே என்பது நம் கருத்து. கண்டறி கருவி எதைக் குற்றமென அளக்கிறதோ அதன் நிழலே மறுஎழுத்துக் கருவி. முன்னதன் எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளும் வரையில் பின்னதை ஒழிக்க இயலாது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டு நசுங்குபவர், ஆங்கிலம் தாய்மொழியாக அமையாத, எளிமையாகவும் தெளிவாகவும் எழுதக் கற்றுக்கொண்ட நேர்மையான மாணவர்.

2

மறுஎழுத்துக் கருவி செயற்கை நுண்ணறிவோடு பிறந்ததன்று. அதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. பிறர் எழுத்தை எடுத்துத் தம்முடையதாகக் காட்டுவதைக் கண்டுபிடிக்க டர்னிட்டின் போன்ற ஒப்பீட்டு மென்பொருள்கள் முதலில் வந்தன. அவை கட்டுரையின் தொடர்களை இணையத்தோடும் முன்னர்ச் சேமித்த கட்டுரைகளோடும் ஒப்பிட்டு, ஒரே சொற்கள் ஒரே வரிசையில் வரும் இடங்களைச் சுட்டும். சொற்களை மாற்றிவிட்டால் தப்பலாம் என்பதை மாணவர்கள் விரைவில் கண்டுகொண்டனர்.

2014இல் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த கிறிஸ் சாட்லர் இவ்வழக்கத்திற்கு 'ரோஜெட்டிங்' என்று பெயரிட்டார். பீட்டர் மார்க் ரோஜெட் 1852இல் வெளியிட்ட ஆங்கில நிகண்டின் பெயரடியாகப் பிறந்த சொல் அது. அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. பின்தங்கிவிடுதலைக் குறிக்கும் 'லெஃப்ட் பிஹைண்ட்' என்னும் தொடர் ஒரு மாணவர் கட்டுரையில் 'சினிஸ்டர் பட்டக்ஸ்' என்று மாறிக் கிடந்தது. 'லெஃப்ட்' என்பதற்கு இடப்பக்கம் என்றும் பொருளுண்டு. 'சினிஸ்டர்' என்பது இடப்பக்கத்தைக் குறித்த இலத்தீன் சொல். பின்னர் ஆங்கிலத்தில் தீமையின் குறியைச் சுட்டலாயிற்று. 'பிஹைண்ட்' பேச்சில் பிட்டத்தையும் குறிக்கும். ஆக, பின்தங்கியவர்கள் தீக்குறியுடைய பிட்டங்கள் ஆனார்கள். நிகண்டு தன் வேலையைச் செவ்வனே செய்தது. இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் மனிதர்தாம் அங்கே இல்லை. பிங்கலந்தையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, 'மா' என்னும் சொல்லுக்குக் குதிரை என்றும் பொருளுண்டு என்பதால், மாநகரைக் குதிரை நகர் என்று ஒருவர் மாற்றி எழுதினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இது வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. 2021இல் பிரான்சின் கியோம் கபனாக், சிரில் லாபே ஆகியோரும் அலெக்சாந்தர் மகசினோவும் சேர்ந்து, வெளியாகிவிட்ட அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளில் இத்தகைய உருக்குலைந்த தொடர்களைத் திரட்டிக் காட்டினர். சித்திரவதைக்கு உள்ளான சொற்றொடர்கள் என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் அக்கட்டுரைகளில் 'கள்ள நனவு' என்று பொருள்படும் தொடராகியிருந்தது. இவ்வகைத் தொடர்கள் மருத்துவத்திலும் காணப்பட்டன. மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சத்து ஆபத்து' ஆயிற்று. சிறுநீரகச் செயலிழப்பு 'சிறுநீரக ஏமாற்றம்' ஆயிற்று. முதலில் சிரிப்பு வருகிறது. இவை ஆய்விதழ்களில் அச்சேறியவை, வேறு ஆய்வாளர்கள் படித்து மேற்கோள் காட்டத் தக்கவை என்று எண்ணும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது.

இம்முன்வரலாற்றிலிருந்து ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வோம். ஒப்பீட்டு மென்பொருள் சொற்களின் வரிசையைப் பார்த்தது. எனவே தப்ப நினைத்தவர்கள் வரிசையைக் குலைத்தார்கள். எதை அளக்கிறோமோ அதுவே குலைக்கப்படும்.

3

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியாயிற்று. அடுத்த ஜனவரியிலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் தியான் ஜிபிடிசீரோ என்னும் கண்டறி கருவியை வெளியிட்டார். அதே மாதத்தின் இறுதியில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமும் ஒரு கருவியைத் தந்தது. 2023 ஏப்ரல் 4 அன்று டர்னிட்டின் தன் ஒப்பீட்டு மென்பொருளோடு இயந்திர எழுத்தைக் கண்டறியும் வசதியையும் இணைத்தது. அப்போது அது ஆங்கிலத்துக்கு மட்டுமே உரியது.

இக்கருவிகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இவ்விவாதத்தில் இறங்குவதில் பொருளில்லை. மொழி இயந்திரம் ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வரக்கூடிய சொற்களுள் வாய்ப்பு மிகுந்தவற்றை நாடி எழுதிச் செல்கிறது. ஆகவே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொற்களைக் கொண்டு எவ்வளவு எளிதாக ஊகிக்கத் தக்கதாக இருக்கிறது என்று அளக்கலாம். இவ்வளவையைத் துறையினர் 'பெர்ப்ளெக்சிட்டி' என்பர். நாம் வியப்பளவு என்று சொல்லிக்கொள்வோம். வியப்பளவு குறைந்தால் இயந்திரம் எழுதியிருக்கக்கூடும். மிகுந்தால் மனிதர் எழுதியிருக்கக்கூடும். நீண்ட வாக்கியமும் குறுகிய வாக்கியமும் மாறி மாறி வருகின்றனவா, எல்லாம் ஓர் அளவாய் நடக்கின்றனவா என்பது தொடக்கக் காலக் கருவிகள் சில பார்த்த இன்னொரு குறி. பின்னர் வந்த கருவிகள் இரு வகை எழுத்தையும் ஏராளமாகப் படித்துப் பழகி, இன்னும் நுட்பமான வேறுபாடுகளைக் கொண்டு முடிவு செய்கின்றன. எவ்வகையாயினும் அவை அளப்பது எழுத்தின் தோற்றத்தை மட்டுமே. யார் கையால், எந்த இரவில், எத்தனை அடித்தல் திருத்தல்களுக்குப் பின் அது உருவானது என்பதை அறியும் வழி அவற்றுக்கு இல்லை.

எனவே ஊகிக்கத் தக்கதாக எழுதும் எந்த மனிதரும் ஐயத்துக்கு உள்ளாவார். 2023இல் அமெரிக்க அரசியலமைப்புச் சாசனத்தையே இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியதாகச் சுட்டின. 1787இல் வரையப்பட்ட அந்த ஆவணம் இயந்திரங்களைப் பழக்கிய தரவுகளில் எண்ணற்ற முறை இடம்பெற்றிருப்பதால், அதன் ஒவ்வொரு சொல்லும் அவற்றுக்கு மனப்பாடம். மனப்பாடமானதில் வியப்பு எங்கிருந்து வரும்? ஓப்பன்ஏஐ தன் கருவியைப் பற்றித் தானே தந்த கணக்கு இது: இயந்திரம் எழுதியவற்றுள் 26 விழுக்காட்டையே அது சரியாகச் சுட்டியது, மனிதர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டைத் தவறாகச் சுட்டியது. துல்லியம் போதவில்லை என்று கூறி 2023 ஜூலையில் அந்நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இயந்திரத்தைப் படைத்தவர்களே அதன் கையெழுத்தை அடையாளம் காண இயலவில்லை என்பது சிந்திக்கத் தக்கது.

இதனினும் முக்கியமானது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வெய்சின் லியாங், ஜேம்ஸ் சோ உள்ளிட்ட குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதும் டோஃபல் தேர்வுக் கட்டுரைகள் 91ஐ அவர்கள் ஏழு கருவிகளிடம் தந்தனர். அனைத்தும் மனிதர் எழுதியவை. ஏழு கருவிகளும் சராசரியாக அவற்றுள் 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியதாகச் சுட்டின. 18 கட்டுரைகளை ஏழு கருவிகளும் ஒருமித்துக் குற்றம் சாட்டின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளிடமோ அதே கருவிகள் பெரும்பாலும் நீதியாகவே நடந்துகொண்டன.

அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் நம் பொருளுக்கு நேரானது. அந்த டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே தந்து, தாய்மொழியாளர் எழுதியதுபோல் சொற்களை வளப்படுத்தித் தருமாறு கேட்டனர். பிழையாகச் சுட்டும் விகிதம் 61இலிருந்து ஏறத்தாழ 12 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. அதாவது, மனிதர் எழுதியபோது இயந்திர எழுத்து என்றார்கள். இயந்திரம் திருத்தியபின் மனித எழுத்து என்றார்கள். இயந்திரம் எழுதிய கட்டுரைகளை இலக்கிய நடைக்கு உயர்த்துமாறு இயந்திரத்திடமே கேட்டபோது அவையும் பெருமளவு தப்பின. இலக்கிய நடை என்று நாம் போற்றும் ஒன்று இங்கே ஒரு முகமூடியாகப் பயன்பட்டதை இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அக்கட்டுரைகள் சீனத் தளம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. டர்னிட்டின் அந்த ஏழு கருவிகளுள் ஒன்றன்று. கருவிகள் அதன்பின் மேம்பட்டுள்ளன என்று அவற்றை விற்கும் நிறுவனங்கள் சொல்கின்றன, மேம்பட்டும் இருக்கலாம். ஆனால் அவ்வாய்வு சுட்டிய காரணம் சீன மொழியோ 2023ஆம் ஆண்டோ அன்று. ஒரு மொழியைப் பின்னாளில் கற்றவர் தமக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களையே கையாள்வார். பழகிய வாக்கிய அமைப்புகளிலேயே நடப்பார். பிழை நேருமோ என்ற அச்சத்தில் அளந்து எழுதுவார். அந்த அளந்த நடையையே கருவி இயந்திரத்தின் நடை என்று எண்ணிவிட்டது. கவனமே அங்கே குற்றமாயிற்று.

4

இப்போது மறுஎழுத்துக் கருவிக்கு வருவோம். வியப்பளவு குறைந்தால் ஐயம் என்றால், வியப்பளவைக் கூட்டிவிடுவதே அதன் தொழில். எதிர்பார்க்கும் சொல்லை எடுத்துவிட்டு எதிர்பாராத சொல்லை வைக்கும். ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைக்கும். அடுத்த இரண்டை ஒன்றாகக் கட்டும். முன்னே வந்ததைப் பின்னே தள்ளும். சில கருவிகள் வேண்டுமென்றே சிறு பிழைகளையும் இடும். பிழை செய்வது மனித இயல்பு என்பதால். பழைய நிகண்டு வேலையைப் போல் இது பார்த்தவுடன் சிரிப்பை வரவழைப்பதன்று. மொழி இயந்திரத்தின் துணையோடு நடப்பதால் மேலோட்டமாக வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இது கண்டறி கருவியை எவ்வளவு ஏமாற்றும்? மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கல்பேஷ் கிருஷ்ணா முதலானோர் 2023இல் இதனைச் சோதித்தனர். மனித எழுத்துள் நூற்றுக்கு ஒன்றை மட்டுமே தவறாகச் சுட்டும் அளவில் நிறுத்தப்பட்ட ஒரு கண்டறி முறை, இயந்திர எழுத்துள் 70 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதே எழுத்தை அவர்கள் உருவாக்கிய மறுஎழுத்து இயந்திரத்தின் வழியாகச் செலுத்தியபின், பிடிபட்டது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. பொருள் பெரும்பாலும் மாறவில்லை.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இவை விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் எண்கள். ஆயிரம் கட்டுரைகளில் நூறு இயந்திரம் எழுதியவை என்று கொள்வோம். கருவி அந்நூறில் தொண்ணூற்றைப் பிடிக்கிறது. நேர்மையான தொள்ளாயிரத்தில் நூற்றுக்கு ஒன்று வீதம் ஒன்பதைத் தவறாகச் சுட்டுகிறது. சுட்டப்பட்ட 99 பேரில் குற்றமற்றவர் ஒன்பது பேர், பதினொருவரில் ஒருவர். இனி, ஏமாற்றிய நூறு பேரில் எண்பது பேர் மறுஎழுத்துக் கருவியை வாங்கிப் பயன்படுத்தி முற்றிலும் தப்பிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய இருபதில் பதினெட்டு பிடிபடும். நேர்மையானவர்களுள் சுட்டப்படுவோர் மாறாமல் அதே ஒன்பது பேர். இப்போது சுட்டப்பட்ட 27 பேரில் ஒன்பது பேர் குற்றமற்றவர்கள், மூவரில் ஒருவர். கருவி கெடவில்லை. அதன் பிழைவிகிதமும் மாறவில்லை. ஆனால் கூண்டில் நிற்போரின் கலவை மாறிவிட்டது. விவரம் அறிந்த ஏமாற்றுக்காரர்கள் வெளியேற வெளியேற, கூண்டில் மிஞ்சுவோருள் அப்பாவிகளின் பங்கு ஏறுகிறது. மறுஎழுத்துக் கருவி பரவப் பரவக் கண்டறி கருவியின் தீர்ப்பு மேலும் மேலும் அநீதியாகும் என்பதை ஆசிரியர்கள் உணர வேண்டும்.

நூற்றுக்கு ஒன்று என்பதும் சிறிய எண்ணன்று. அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டினின் இவ்வசதியை நிறுத்தியபோது ஒரு கணக்கைக் காட்டியது. 2022இல் அங்கு அம்மென்பொருளில் ஏற்றப்பட்ட கட்டுரைகள் 75,000. நூற்றுக்கு ஒன்று பிழை என்று நிறுவனம் சொல்வதையே ஏற்றாலும், ஏறத்தாழ 750 கட்டுரைகள் தவறாகச் சுட்டப்பட்டிருக்கும். அவ்வெண்ணுக்குப் பின்னால் இருப்போர் விசாரணைக் குழுவின் முன் நின்று, தம் எழுத்து தம்முடையதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு ஆளாகக்கூடியவர்கள். செய்யாததைச் செய்யவில்லை என்று மெய்ப்பிப்பதைப் போல் கடினமானது உலகில் எதுவுமில்லை.

5

இச்சூழலில் நேர்மையான மாணவர் என்ன செய்வார்? தம் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் முன் தாமே ஒரு கண்டறி கருவியில் இட்டுப் பார்ப்பார். சிவப்பு நிறத்தில் ஓர் எண் வரும். அந்தப் பக்கத்திலேயே, இதனை மனிதமாக்கவா என்று கேட்கும் பொத்தானும் இருக்கும். குவில்பாட் போன்ற நிறுவனங்கள் கண்டறி கருவியையும் மனிதமாக்கியையும் ஒருங்கே வழங்குகின்றன. பூட்டும் கள்ளச்சாவியும் ஒரே கடையில் கிடைக்கின்றன என்றால், அக்கடைக்காரர் விற்பது பாதுகாப்பை அன்று, அச்சத்தை. மறுபுறம் டர்னிட்டின் 2025இல் மனிதமாக்கியால் மாற்றப்பட்ட எழுத்தையும் கண்டறியும் வசதியைச் சேர்த்தது. அதற்கு எதிராக மனிதமாக்கிகள் மேம்படும். அவற்றுக்கு எதிராக இதுவும் மேம்படும். அச்சத்தில் அந்தப் பொத்தானை அழுத்திய நேர்மையான மாணவர், தாமே எழுதிய கட்டுரைக்காக, இயந்திரத்தால் மறைத்தார் என்ற உண்மையான குற்றச்சாட்டுக்கு இப்போது ஆளாவார். அப்பாவியைக் குற்றவாளியாக்கும் ஏற்பாடு இதனினும் கச்சிதமாக அமைய முடியாது.

மொழியாசிரியர் என்ற முறையில் நம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. அப்பொத்தானை அழுத்தும்போது மாணவர் தம் வாக்கியத்தைப் பற்றி ஒரு பாடம் கற்கிறார். தெளிவு ஐயத்துக்கு இடமாகும், ஒழுங்கு ஆபத்து, பொருத்தமான சொல் எல்லோரும் எதிர்பார்க்கும் சொல்லாதலால் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதே அப்பாடம். நன்னூல் தன் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்தது. சுருக்கமும் விளக்கமும் அங்கே அழகுகள். சொன்னதையே சொல்வதும், வழுவான சொல்லைச் சேர்ப்பதும், பொருளை மயங்க வைப்பதும் அங்கே குற்றங்கள். மறுஎழுத்துக் கருவியின் இலக்கணமோ இதனைத் தலைகீழாக்குகிறது. வழுவான சொல் அங்கே மனிதத்தின் சான்று. மயக்கம் அங்கே பாதுகாப்பு. இருபது ஆண்டுகளாக எந்தக் குற்றங்களைச் சிவப்பு மையால் சுழித்து வருகிறோமோ, அவற்றையே கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு கருவி இட்டுத் தருகிறது.

மேலும் எல்லாச் சொற்களும் மாற்றத் தக்கவையும் அல்ல. ஒரு துறையின் கலைச்சொல் ஊகிக்கத் தக்கதாக இருப்பதே அதன் பெருமை. உள்ளுறை என்பதை எவ்வளவு அழகான வேறு சொல்லால் மாற்றினாலும் அது இறைச்சியோடு குழம்பிப் போகும். 'பெரும்பாலும்', 'ஒருவேளை', 'இவ்வளவில்' என்பன போன்ற சொற்கள் ஆய்வாளரின் நேர்மையைத் தாங்கி நிற்பவை. அலங்காரம் தேடும் கருவி அவற்றைத் தளர்த்தினால், தாம் சொல்லாத ஒன்றை ஆய்வாளர் சொன்னவராகிவிடுவார்.

6

இது அயலார் சிக்கல், நமக்கென்ன என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். விழுக்காட்டை நீதிபதியாக்கும் பழக்கம் நம்மிடம் முன்னரே வேரூன்றிவிட்டது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் ஒற்றுமை அளவை நான்கு படிகளாக வகுத்தன. 10 விழுக்காடு வரை தண்டனையில்லை. அதற்குமேல் 40 வரை திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கும் மேல் ஆய்வுப் பதிவே நீக்கம். திருட்டைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் எல்லை ஓர் எண்ணாக அமைந்ததும், ஆய்வாளர்களின் கவலை திருடாதிருத்தலிலிருந்து எண்ணைப் பத்துக்குள் இறக்குதலுக்கு நகர்ந்தது. இறக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் கடைகளும் முளைத்தன. அங்கே நடப்பது லண்டனில் சாட்லர் கண்ட அதே வேலைதான். பிறர் கருத்தை முழுதாகக் களவாடிச் சொற்களை மட்டும் மாற்றியவர் 10க்குள் வந்து தேறிவிடலாம். மூலத்தை முறையாகச் சுட்டித் துறையின் வழக்கமான தொடர்களைப் பயன்படுத்தியவர், அவ்விடங்களை ஒப்பீட்டிலிருந்து விலக்கும் கவனம் இல்லாத இடத்தில், விளக்கம் கேட்கப்படலாம்.

இவ்வெண்ணோடு இயந்திர எழுத்து விழுக்காடு என்ற இன்னோர் எண்ணும் சேர்ந்தால் என்னாகும்? ஒற்றுமை அறிக்கையிலாவது எந்தத் தொடர் எந்த மூலத்தோடு ஒத்தது என்று திறந்து பார்க்கலாம், மறுக்கலாம். இயந்திர எழுத்து அறிக்கையில் அத்தகைய மூலம் எதுவுமில்லை. எண் மட்டுமே உண்டு. தமிழ்வழிப் பள்ளியில் பயின்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நம் மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டிய அந்த அளந்த நடையில்தான் எழுதுகிறார். அந்த நடையை அவருக்குக் கற்றுத் தந்தவர்கள் நாம். அதற்காக அவர் ஐயத்துக்கு உள்ளாகும் நாளில் அவர் பக்கம் நிற்கும் கடமையும் நமக்கு உண்டு.

7

அப்படியானால் ஏமாற்றுபவரை விட்டுவிடுவதா என்ற கேள்வி நியாயமானது. இயந்திரத்தை எழுதச் சொல்லித் தம் பெயரை இடுவது பொய். அதனால் பெரிதும் இழப்பவர் அம்மாணவரே. எழுதும்போது மட்டுமே கைகூடும் சிந்தனையை அவர் இழக்கிறார். இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு பழைய வழி உண்டு.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. அதங்கோட்டாசான் குற்றங்கூறக் கூறத் தொல்காப்பியர் விடை கூறி நின்றார் என்பது நச்சினார்க்கினியர் வழங்கும் கதை. அது நடந்ததா என்பது வேறு விவாதம். ஒரு நூல் தம்முடையது என்பவர் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் அவைமுன் விடை சொல்லக் கடவர் என்னும் கொள்கை அதில் இருக்கிறது. ஆய்வேட்டுக்கு நாம் வைத்திருக்கும் வாய்மொழித் தேர்வும் அதன் வழிவந்ததே. பல இடங்களில் அது தேநீரும் வாழ்த்தும் கொண்ட சடங்காகிவிட்டது என்பதே துயரம். கட்டுரையிலிருந்து ஒரு பத்தியைச் சுட்டி, "இச்சொல்லை ஏன் இங்கே வைத்தீர்கள்? இதற்கு மாறான கருத்து உடையவர் யார்?" என்று ஐந்து நிமிடம் கேட்டால், எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். தடுமாறும் மாணவருக்குக்கூட அவ்வைந்து நிமிடம் கல்வியாக அமையும். கருவியின் எண்ணால் அவர் கற்பதற்கு எதுவுமில்லை.

அறுபது மாணவர் கொண்ட வகுப்பில் இதற்கு நேரமேது என்று சக ஆசிரியர்கள் கேட்பர். கேள்வி உண்மையானதே. எல்லாக் கட்டுரைக்கும் இதைச் செய்ய இயலாது. பருவத்துக்கு ஒன்றுக்குச் செய்யலாம். முதல் வரைவை வாங்கிக் குறிப்பெழுதித் திருப்பித் தந்து, திருந்திய வரைவை அதனோடு ஒப்பிடலாம். அமெரிக்கக் கல்லூரிகள் சில வகுப்பறையிலேயே கையால் எழுதும் தேர்வுக்குத் திரும்பியிருக்கின்றன. அதிலும் பயனுண்டு. ஆனால் அதையே முழுத் தீர்வாக்கினால், பல நாள் உழன்று, எழுதியதைக் கிழித்து, மீண்டும் எழுதும் நெடுங்கட்டுரை என்னும் பயிற்சி அழிந்துவிடும். நினைவாற்றல் தேர்வு நம்மிடம் ஏற்கெனவே மிகுதி.

இவற்றில் எதையும் செய்ய நமக்கு நேரமில்லை என்றால், அம்மாணவரின் எழுத்தை வாசிக்க நமக்கு நேரமில்லை என்றே பொருள். வாசிக்காத ஆசிரியருக்கு எழுதாத மாணவர் வாய்ப்பதில் முறையீடு செய்ய இடமில்லை. மனிதமாக்கி என்னும் பெயரை நாம் பறித்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கு வழி ஒன்றே. மாணவரின் மூன்றாம் கட்டுரையை வாசிக்கும்போது முதலிரண்டும் நம் நினைவில் இருக்க வேண்டும். அவருக்கு எந்தச் சொல் கைவரும், எந்த இடத்தில் அவர் வழக்கமாகத் தடுக்கி விழுவார் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். அத்தகைய வாசகர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த மாணவருக்குத் தம் வாக்கியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய தேவை எழாது.